மூன்று மாதம் இளையவன்

சைகோனில் நான் பார்த்த மனிதர்களிலேயே அதிகச் சந்தோஷமாக இருந்தவன் காரைக்கால் அரிகிருஷ்ணன்தான். அது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஊரே போரில் வெந்துகொண்டிருக்கும்போது ஒருத்தன் இத்தனை சந்தோஷமாக இருக்கலாமா?

கான் ஹொய் பாலத்தை விட்டு இறங்கினால் மூன்றாவது சந்தில் அவனுடைய மளிகைக் கடை. கடைக்குப் பின்னால் ஒன்றரை அறை. அதில் அவன், அவன் மனைவி துயெத், ஏழு வயது வேதநாயகி, நாலு வயது நடேசன். துயெத் இந்த ஊர்ப் பெண். அவனிடமிருந்தே காரைக்கால் தமிழைக் கற்றுக்கொண்டு, அவனை விடத் தெளிவாகப் பேசுவாள்.

நான் இக்னாஸ். புதுச்சேரிக்காரன். ரப்பர் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. கல்யாணம் ஆகாதவன். பிள்ளைகள் இரண்டும் என்னைப் பிரெஞ்சுக்காரப் பிள்ளைகள் மாமாவைக் கூப்பிடுவது போலத் ‘தோந்தோன்’ என்று கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே அங்கேதான் போவேன்.

போனால் தகரத் தொட்டியில் குளியல் நடந்துகொண்டிருக்கும். இரண்டையும் ஒன்றாக உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றுவான். அவை போடுகிற கூச்சல் ஆற்றங்கரைக் கிட்டங்கி வரைக்கும் கேட்கும். கடையில் ஆள் வந்து நின்றால், குழந்தை குளிக்கிறது, பிறகு வாருங்கள் என்று உள்ளிருந்தே சொல்லிவிடுவான். இப்படி வியாபாரம் செய்கிறவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. குளித்து முடித்ததும் நகம் வெட்டுவான். விரலுக்கு ஒரு முத்தம் கூலி. நடேசன் கணக்குத் தெரியாமல் பதினைந்து, இருபது என்று கொடுத்துக்கொண்டே போவான். இவன் போதும் என்று சொல்லவே மாட்டான்.

பிறகு சோறு. ரசச் சோற்றில் இந்த ஊர் மீன் சாறு ஒரு சொட்டு விட்டு உருட்டி ஆளுக்கு ஒரு வாயாகக் கொடுப்பான். எனக்கும் ஒரு வாய் நீளும். முதல் தடவை கூச்சப்பட்டேன். அப்புறம் நானும் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். சாப்பிட்டதும் நடேசன் தூங்குவது அப்பன் வயிற்றின் மேல்தான். பிள்ளையை வயிற்றில் போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே ஒற்றைக் கையால் பருப்பு அளந்து போடுவான். எனக்குப் பொறாமை. வேறு சொல் தேடிப் பிரயோசனமில்லை.

இந்தச் சந்தோஷம் ஒரு பொய்யின் மேல் நின்றது. அந்தப் பொய்க்கு நான்தான் சாட்சி.

1956-ல், வெளிநாட்டுக்காரர்கள் மளிகைக் கடை வைக்கக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. என் போன்றவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமைக் கார்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கம்பெனி வேலைக்குப் போனோம். அரிகிருஷ்ணனுக்குக் கடையை விட மனமில்லை. வியட்நாம் குடியுரிமைக்கு எழுதிப் போட்டான். அதே சமயம் துயெத்தைப் பார்த்து மயங்கிக் கிடந்தான். அவள் அம்மா வருஷப் பொருத்தம் கேட்டாள். இந்த ஊரில் நட்சத்திரம் பார்ப்பதில்லை, பிறந்த வருஷத்துக்கு ஒரு மிருகம் பார்ப்பார்கள். துயெத் புலி வருஷம். இவன் பிறந்தது 1929 டிசம்பரில். பாம்பு வருஷம். புலிக்கும் பாம்புக்கும் ஆகவே ஆகாது, வீட்டுத் தலைவனைக் கொண்டுபோய்விடும் என்பார்கள். மூன்றே மாதம் தள்ளிப் பிறந்திருந்தால் குதிரை வருஷம். புலிக்குக் குதிரை அமோகப் பொருத்தம்.

காரைக்காலிலிருந்து பிறப்புப் பத்திரம் வரவழைக்காமல் இரண்டு சாட்சிகளை வைத்து முடித்துக்கொள்ளலாம் என்று கோர்ட்டில் வழி இருந்தது. ஒரு சாட்சி நான். இன்னொருவர் ஊருக்குப் போய்ச் செத்துப்போனார். 1930 மார்ச்சில் பிறந்தவன் என்று கையைத் தூக்கிச் சத்தியம் செய்தேன். வெளியே வந்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த மாதமே கல்யாணம். நான்தான் சாட்சி சொன்னேன் என்பது துயெத்துக்கும் தெரியும். சொன்னது பொய் என்பது தெரியாது. மாமியார் கண்ணை மூடிய பிறகாவது அவளிடம் சொல்லித் தொலை என்றேன். சொல்லலாம், சொல்லலாம் என்று பத்து வருஷத்தைக் கடத்தினான்.

1968 தெத் புத்தாண்டுப் பண்டிகைச் சண்டை ஓய்ந்த பிறகு புதுச் சட்டம் வந்தது. பதினெட்டிலிருந்து முப்பத்தெட்டு வரை எல்லா ஆண்களும் பட்டாளத்துக்கு. வயதைப் பிறந்த வருஷத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். 1930-ல் பிறந்தவன் போக வேண்டும். 1929-ல் பிறந்தவன் வீட்டில் இருக்கலாம்.

அரிகிருஷ்ணன் காரைக்காலில் இருந்த தன் அண்ணனுக்கு எழுதினான். ஜூலைக் கடைசியில் நகராட்சி முத்திரையோடு பிறப்புப் பத்திரம் வந்தது. அதை வக்கீலிடம் கொண்டுபோய்க் காட்டினான். காகிதம் மட்டும் போதாது, பழைய சாட்சி வந்து தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார் வக்கீல். அப்படி ஒப்புக்கொண்டால் குடியுரிமை போகும், கடை போகும். சாட்சிக்கு ஜெயில், அப்புறம் நாடு கடத்தல்.

டோங் டு மசூதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த என் அறைக்கு மொபிலெத் வண்டியில் பிள்ளைகள் இரண்டையும் வைத்துக்கொண்டு வந்தான். கடை போனால் போகட்டும், மூட்டை தூக்கியாவது பிழைத்துக்கொள்வேன் என்றான். நடேசன் என் கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான். நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லச் சொன்னவன் அவன்தானே? குதிரையாக ஆசைப்பட்டவன் அவன்தானே? எட்டாம் நாள் தனியாக வந்தான்.

“என்னால முடியாதுடா. ஜெயிலுக்குப் போற தைரியம் எனக்கு இல்ல” என்றேன்.

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அதுவும் சரிதான். ஒனக்கு அங்க யாரு சோறு கொண்டாருவா?” என்றான். பிறகு, “ஞாயித்துக்கிழம மட்டும் வீட்டுப் பக்கம் போயிட்டு வா. பயலுக்கு நகம் வெட்டணும்” என்றான்.

ஆகஸ்டில் போனான். நவம்பரில், டெல்டா பக்கம் ஒரு பாதையில், அவன் இருந்த லாரிக்கு அடியில் கண்ணிவெடி வெடித்தது. சவப்பெட்டியைத் திறக்க விடவில்லை.

நான் ஞாயிறுதோறும் போனேன். நகம் வெட்டினேன். நடேசன் கையை நீட்டுவான், முத்தம் கொடுக்க மாட்டான். நானும் கேட்கவில்லை. வேதநாயகி இப்போதெல்லாம் தானே குளித்துக்கொண்டாள்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவன் சட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த துயெத் ஒரு உறையைக் கொண்டுவந்து நீட்டினாள். உள்ளே இருப்பது பிரெஞ்சு, தனக்குப் படிக்க வராது, என்னவென்று சொல்லுங்கள் என்றாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பிறப்புப் பத்திரம் என்றேன். என்ன வருஷம் போட்டிருக்கிறது என்று கேட்டாள். முப்பது என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் பழகிப்போயிருந்தது.

என் தோள் வழியாக எட்டிப் பார்த்த வேதநாயகி, “இல்ல தோந்தோன், இருபத்தொம்பது போட்டிருக்கு” என்றாள். ஓரத்தில் எண்ணால் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

துயெத் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு உறையைத் திருப்பினாள். இங்கே வந்து சேர்ந்தபோது குத்திய சைகோன் தபால் முத்திரை, ஜூலை மாதம். அதைப் படிக்க யாருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு எல்லாம் விளங்கிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போயிருக்கலாம். போகவில்லை.

“அவரு ஒங்ககிட்ட வந்து கேட்டாரா?” என்றாள்.

“கேட்டான்.”

அவள் அழவில்லை. அடுப்படிக்குப் போனாள். பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். எப்போதும் போல எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். வேதநாயகியும் நடேசனும் என் இரண்டு பக்கமும் வந்து உட்கார்ந்தார்கள். நான் சாப்பிட்டேன்.