நாத்தனார் காருக்கு வலை மாட்டிய வாரம்

என் கணவரின் தங்கை பந்தயக் கார் ஓட்டப்போகிறாள் என்பது எங்கள் வீட்டில் முதலில் எனக்குத்தான் தெரியும். பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, போத்தனூரில் எங்கள் வீட்டு முன்னால் ஷீட் போட்ட இடத்தில் நிறுத்தியிருந்தாள். முதலில் பின்சீட்டு காணாமல் போனது. பிறகு ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் கண்ணாடி. அப்புறம் ஒருநாள், உள்ளே இரும்புக் குழாய்களை வளைத்துக் கூண்டு போல வெல்டு செய்த கோலத்தில் வந்து நின்றது கார். அவள் பம்பு கம்பெனியில் இன்ஜினியர். "கம்பெனி புராஜெக்டுங்க அண்ணா" என்றாள். அவர் நம்பிவிட்டார்.

நான் நம்பவில்லை. ஓட்டுகிறவர் சீட்டும் மாறி, தோளை அணைக்கிற மாதிரி ஒன்று வந்திருந்தது. "அம்மணி, பம்புக்கு எதுக்கு இப்படி ஒரு சீட்டு?" என்று கேட்டேன்.

"நங்கை, அண்ணங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. ரேஸுக்குங்க."

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னை அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாலும், அன்றைக்குத்தான் அந்தச் சொல் என்னை நோக்கி வந்ததாகத் தோன்றியது. சொல்லவில்லை. அவரிடமும், வேறு யாரிடமும்.

அந்த ஜூன் மாதம் என் கணவர் தாராபுரம் பக்கம் ஒரு தோப்பில் சொட்டுநீர்க் குழாய் பதிக்கும் வேலைக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். காரைச் சோதித்துப் பார்த்தவர்கள், ஜன்னலுக்கு வலை இல்லாமல் தடத்தில் இறக்க விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். வியாழக்கிழமை பார்சல் வந்தது. அவள் லீவு போட்டாள். நான் தையல் மிஷினை மூடி வைத்தேன்.

தலையணை உறை அளவுக்கு இருந்தது வலை. கறுப்பு நைலான் நாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்திருந்தார்கள். பிளவுஸ் தைக்கிறவள் ஆகையால் என் விரல் நேரே தையலுக்குத்தான் போனது. ஒவ்வொரு சந்திப்பிலும் சதுரமாக ஒரு தையல், அதற்குள் பெருக்கல் குறி போல இன்னொன்று. யார் தைத்தார்களோ, ஓர் இழைகூடப் பிசகவில்லை.

"இது எதுக்கு அம்மணி?"

"கார் உருண்டா கை தன்னால ஜன்னலுக்கு வெளிய போயிருமுங்க. நாம புடிச்சு வெக்க முடியாது. வலை இருந்தா உள்ளயே இருக்கும்."

மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி. கீழ்க் கம்பியைக் கூண்டுக் குழாயோடு நிரந்தரமாக முடுக்கிவிட வேண்டும். மேல் கம்பியின் ஒரு முனை கூண்டில் இருக்கும் குழியில் உட்காரும், மறுமுனையில் பூட்டு. பூட்டை அழுத்தினால் வலை மொத்தமாகக் கீழே விழுந்து வழி விடும். மாட்டிப் பார்த்தோம். இரண்டு விரற்கடை தொளதொளவென்று தொங்கியது.

"மடிச்சு ஒரு தையல் போட்டுத் தாரேன்" என்றேன்.

"ஐயோ, வேண்டாங்க. நாம தையல் போட்டா அப்புறம் அது கொசுவலைங்க."

எனக்குக் கொஞ்சம் ரோஷமாக இருந்தது. ஆனாலும் கீழ்க் கம்பியை இறக்கி மாட்டும்போது நான்தான் அளவு பிடித்தேன். நானும் அவளும் ஒரே உயரம். அதனால் என்னைச் சீட்டில் உட்காரவைத்து, தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலிடையில் ஒன்று என்று பெல்ட்டுகளை இழுத்துக் கட்டினாள். சீட்டின் இரண்டு பக்கமும் தோளை அணைத்துப் பிடித்தன. பூட்டை என் தோளுக்குப் பின்னால், குழாய் நேராக இருந்த இடத்தில் வைத்தாள். வலை ஏறியது. வெளியே இருந்த அவள் முகம் கட்டங்களாக மாறியது.

"ஒரு போல்ட் பத்தல. ஹார்டுவேர் கடை வரைக்கும் போயிட்டு வாரேனுங்க. அப்படியே உக்காந்திருங்க."

உட்கார்ந்திருந்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று சாரலையும் தூக்கிக்கொண்டு வந்து ஷீட்டில் பொரிவதுபோல் தட்டியது. ஜங்ஷனில் ஏதோ ஒரு ரயில் கூவிவிட்டுக் கிளம்பாமல் நின்றது. வலையின் நிழல் என் மடியில் விழுந்து, வெளிச்சம் மங்கும்போது கரைந்து, மறுபடி வந்தது. யாரும் என்னை இவ்வளவு இறுக்கிப் பிடித்து உட்காரவைத்ததில்லை. எழுந்து எதையும் செய்ய முடியாது என்பது எவ்வளவு சுகமாக இருந்தது!

தூங்கிப்போனேன். தூக்கத்தில் நான் வால்பாறை பஸ்ஸில் இருந்தேன். நான் பிறந்தது அங்கேதான், தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து என் மடியில் உட்கார்ந்தது. கையை வெளியே நீட்டினேன். தேயிலைச் செடிகள் ஈரமாக விரலில் உரசிக்கொண்டே போயின. பஸ்ஸில் வேறு யாருமே இல்லை. ஓட்டுகிறவர்கூட இல்லை. ஆனாலும் பயமே இல்லாமல் அது ஏறிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, பிளவுஸ் ஆச்சுங்களா?"

கேட்டில் ஒரு வாடிக்கைக்கார அம்மா. சட்டென்று எழப் பார்த்தேன், உடம்பு நகரவில்லை. எங்கே இருக்கிறேன் என்றே புரியவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோனால் சீட்டின் அணைப்பு தடுத்தது. விரல் நுனிக்கும் பூட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. பெல்ட்டை எப்படிக் கழற்றுவது என்பதும் மறந்துபோயிற்று.

"ஆச்சுங்க, சித்தே இருங்க!" என்று கத்தினேன்.

"எங்கிருந்துங்க பேசறீங்க?" அந்த அம்மா வீட்டின் மாடியை அண்ணாந்து பார்த்தார்.

நாத்தனார் வந்து என்னை விடுவித்தாள். பிளவுஸைக் கொடுத்து அனுப்பியதும் அவளிடம் சொன்னேன். "அம்மணி, இந்தப் பூட்டு கைக்கு எட்டலை."

"பெல்ட்டக் கழட்டிப்போட்டுத் திரும்புனா எட்டுமுங்களே."

"தீப்புடிச்சா? ஒரு கை ஒடிஞ்சிருந்தா? முழிச்சிருக்கும்போதே எனக்குப் பெல்ட்டு கழட்ட வரலை."

அவள் தானே உள்ளே போய் உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கி, கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பார்த்தாள். இரண்டு மூன்று முறை முயன்றாள். வெளியே வந்து, மாட்டிய எல்லாவற்றையும் கழற்றினாள். பூட்டை முன்பக்கம், முன்கண்ணாடிக்குப் பக்கத்துக் குழாய்க்குக் கொண்டுபோனோம். அங்கே குழாய் வளைவாக இருந்ததால் புதிதாக ஒரு கிளாம்ப் தேடி எடுக்க வேண்டியிருந்தது. பொழுது சாய்ந்துவிட்டது. கடைசியில் அவள் கையுறை போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வலது கையால் ஒரு தரம், இடது கையால் ஒரு தரம் பூட்டை அழுத்தினாள். இரண்டு தரமும் வலை பொத்தென்று விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை செட்டிபாளையம் பக்கத்துத் தடத்துக்கு நானும் போனேன். ஹெல்மெட் போடுமுன் சொன்னாள்: "ஏதாச்சும் ஆச்சுன்னா வலையப் பாருங்க நங்கை. நான் வலைய எறக்கிட்டா, நல்லாருக்கேன்னு அர்த்தம்."

நான்காவது சுற்றில் பின்னால் வந்த கார் அவள் காரின் மூலையில் இடித்தது. அவ்வளவு பெரிய இடிகூட இல்லை. கார் மண்ணில் இறங்கிப் பக்கவாட்டில் திரும்பி, சோம்பலாகப் புரண்டு படுப்பதைப்போல ஒருமுறை உருண்டு, மறுபடி சக்கரத்தில் வந்து நின்றது. சத்தம் எனக்கு வந்து சேரவே இல்லை. செம்மண் தூசி எழுந்து அதை மூடிக்கொண்டது. பிறகு காற்று அந்தத் தூசியை மெதுவாக, மிக மெதுவாக ஒதுக்கியது. ஜன்னலில் கறுப்பாக வலை நின்றுகொண்டிருந்தது. கொடி பிடிக்கிறவர்கள் ஓடினார்கள். நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கறுப்புச் சதுரத்தை மட்டும் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

வலை விழுந்தது.

முதலுதவி அறையில் அவள் வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிவப்பாகக் கட்டம் கட்டமாகத் தடம் இருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானா நீட்டலைங்க நங்கை. இந்தக் கைதான், அதுவா வெளிய போகப் பாத்துச்சு. ஆரோ புடிச்சு இழுத்த மாதிரி."

"சரி விடு கண்ணு" என்றேன். டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் சிந்தாமல் குடித்தாள். என் டீயில் பாதி என் சேலையில் கொட்டியது.

சாயங்காலம் காரை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது என் கணவர் தாராபுரத்திலிருந்து வந்து கேட்டருகே நின்றிருந்தார். நசுங்கிய கூரையைப் பார்த்தார். தங்கையின் கையைப் பார்த்தார். பிறகு என்னை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. வலை மாட்டுனதே நானுந்தான்."

அவர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து, ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த வலையின் ஒரு கட்டத்தில் விரலை நுழைத்து இழுத்துப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் திட்டு வாங்கத் தயாராக நின்றோம்.

"முன்கண்ணாடி ஒடஞ்சிருக்குது. இந்தச் சாரலுக்கு உள்ள பூராம் நனைஞ்சு போயிருமே" என்றார்.

பிறகு பைக் பெட்டியிலிருந்து தார்ப்பாயை எடுத்துவந்து, ஒரு முனையைத் தங்கையிடம் நீட்டினார்.