அக்காவைச் சிரிக்கச் சொன்ன கைப்பேசி

என் அக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்து முகத்தின் இடப்பக்கம் இழுத்துக்கொண்டது. கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. முகம் மட்டும் வரவில்லை. இடது கண் முழுசாக மூடாது, வாய் ஒரு பக்கம் தொங்கும். ரெம்பியா ஊர்ப் பாசாரில் தோசையும், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் விற்றவள் அவள். சிரிப்புச் சத்தத்தைக் கேட்டே அவள் கடையைக் கண்டுபிடித்துவிடலாம். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு கடையை விட்டுவிட்டாள். கல்யாண வீட்டில் போட்டோவுக்குக் கூப்பிட்டால் பாத்ரூம் போகிறேன் என்று எழுந்து போய்விடுவாள். தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் பாடும்போதுகூட கைக்குட்டையை வாயோரமாகப் பிடித்துக்கொண்டுதான் பாடுவாள்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு ஏன் இன்னும் கோபம் ஆறவில்லை என்று யாருக்கும் புரியாது.

டிஜிட்டல் அடையாளம் வரப்போகிறது, கைப்பேசியில் முகத்தைக் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும், நாளைக்கு அது எல்லோருக்கும் கட்டாயமாகலாம் என்ற பேச்சு கிளம்பியபோது, மலாக்காவில் பாச்சாங்கில் இருக்கிற எங்கள் வீட்டில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும்தான் முதல் சண்டை. அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். நான் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறேன். அவர் திட்டத்தை ஆதரித்தார். அதற்குக் காரணமும் இருந்தது. யாரோ அவருடைய அடையாள அட்டையின், அதாவது ஐ.சி.யின், நகலை வைத்து ஒரு போன் நம்பர் வாங்கி, அந்த நம்பரிலிருந்து ஊரை ஏமாற்றியிருந்தார்கள். போலீஸ் இவரைக் கூப்பிட்டு விசாரித்தது. வாழ்க்கையில் ஒரு சம்மன்கூட வாங்காத மனிதர், பகல் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து “அது நான் இல்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“மூஞ்சியக் காட்டினாத்தான் திறக்கும்னா, எவன் என் பேர்ல நம்பர் எடுக்க முடியும்?” என்று கேட்டார்.

“ஐ.சி. நகலையே காப்பாத்தத் தெரியாதவங்க கையில மூஞ்சியையும் கொடுக்கணுமா? நம்பர் போச்சுன்னா வேற நம்பர் வாங்கலாம். மூஞ்சி போச்சுன்னா எங்க போய் மாத்துவீங்க?”

“ஒனக்கு எது வந்தாலும் பயம்தான்.”

அத்தோடு அன்றைக்குப் பேச்சு நின்றது. இந்த நாட்டில் பாதி வீடுகளில் இந்தச் சண்டை நடந்திருக்கும். நடந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நானும் விட்டேன்.

பிறகு அக்கா போன் பண்ணினாள். அவள் மாதாமாதம் மருந்து வாங்கும் கிளினிக்கில், இனி டாக்டரைப் பார்க்கத் தேதி எடுப்பது எல்லாம் கைப்பேசியில்தான் என்றும், அதற்கு டிஜிட்டல் அடையாளம் வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்களாம். டிவியில் கட்டாயமில்லை என்று சொன்னார்களே என்று கேட்டேன். “டிவிக்காரங்களா எனக்கு மருந்து கொடுக்கறாங்க?” என்றாள்.

ரெம்பியாவிலிருந்து பஸ் ஏறி எங்களிடம் மலாக்காவுக்கு வந்தாள். நானும் வீட்டுக்காரரும் அவளைப் பதிவு செய்கிற இடத்துக்குக் கூட்டிப்போனோம். நல்ல கூட்டம். எங்கள் முறை வந்ததும், கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் அக்காவின் கைப்பேசியை வாங்கி, ஐ.சி.யைப் படம் எடுத்து, போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“காக், சாப்புத்தாங்கான எடுத்துருங்க” என்று சைகையோடு சொன்னாள். காக் என்றால் அக்கா; சாப்புத்தாங்கான் என்று கைக்குட்டையைத்தான் சொன்னாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். எடுத்தாள்.

கண்ணைச் சிமிட்டவும் என்று திரையில் வந்தது. அக்கா சிமிட்டினாள். ஒரு கண்தான் மூடியது. மறுபடி முயலவும் என்றது. மறுபடி சிமிட்டினாள். முகத்தைத் திருப்பவும் என்றது. திருப்பினாள். அடுத்தது, சிரிக்கவும் என்று வந்தது.

பெற்ற பிள்ளைக்கு முன்னால்கூடச் சிரிப்பதை விட்டுவிட்டவள். பின்னால் வரிசையில் அத்தனை பேர் நிற்க, ஒரு போன் அவளைச் சிரி என்றது. அவள் முயற்சி செய்தாள். வலது பக்கம் மட்டும் ஏறியது. போதவில்லை என்றது போன். அப்போது அவள் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒரு விரலை எடுத்து, தொங்கிய வாயோரத்தை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தாள்.

முகம் மறைக்கப்பட்டுள்ளது, கையை எடுக்கவும் என்று வந்தது.

கடைசியில் முகம் பொருந்தவில்லை என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றுவிட்டது. ஐ.சி.யில் இருந்தது ஸ்ட்ரோக்குக்கு முந்தைய முகம். முதலில் ஐ.சி. படத்தை மாற்றிவிட்டு வரச் சொன்னாள் அந்தப் பெண்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. “இதோ நிக்கறாங்க இல்ல? ஐ.சி. கையில இருக்கு, ஆள் முன்னால இருக்கு. ஒனக்குக் கண்ணு தெரியுது இல்ல?” என்று மலாயில் கத்தினேன்.

அவள் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “எனக்குத் தெரியுது, காக். சிஸ்டத்துக்குத்தான் தெரியல.”

அவள்மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. அந்தச் சின்னப் பெண்ணின் கண்ணைப் பறித்து அந்தப் போனுக்குக் கொடுத்தவர்கள்மேல்தான் கோபம். அக்கா கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டு, “வாடி போவோம்” என்றாள். காரில் கொண்டுபோய் அவளை ரெம்பியாவில் இறக்கிவிட்டபோது வீட்டுக்காரர், “மதினி, மன்னிச்சிருங்க” என்றார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்டார் என்று நான் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் ரெம்பியா மண்டபத்தில் இதைப் பற்றி விளக்கக் கூட்டம் போட்டார்கள். நாங்கள் மூவரும் போனோம். அக்கா பின்வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள். டை கட்டிய ஒருவர் படம் போட்டுக் காட்டி, பாதுகாப்பு, வேகம், யாரையும் விட்டுவிட மாட்டோம் என்று அழகாகப் பேசினார். இப்போதைக்குக் கட்டாயமில்லை என்றார். ஆனால் எல்லாச் சேவையும் இதில் சேர்ந்த பிறகு இல்லாமல் இருப்பது சிரமம் என்றும் அவரே சொன்னார். கேள்வி உண்டா என்று கேட்டபோது, நான் எழுவதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

“நான் இந்தத் திட்டம் வேணும்னு சொல்றவன்” என்று ஆரம்பித்தார். “ஆனா ஸ்ட்ரோக் வந்து வாய் கோணினவங்கள ஒங்க மெஷின் சிரிக்கச் சொல்லுது. சிரிக்க முடியலன்னா ஆளே இல்லன்னு சொல்லுது. அவங்க எங்க போறது?”

அந்தக் குறை தெரியும், அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு, படிப்படியாகக் கவனிப்போம் என்றார் டை கட்டியவர். முன்வரிசையில் ஒருவர், நம் தமிழ் ஆள்தான், திரும்பி உட்கார்ந்து, “யாரோ ஒருத்தருக்காக நாட்டையே நிறுத்தி வைக்க முடியுமா லா” என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

“அந்த ஒருத்தி நான்தான்” என்றாள் அக்கா.

எழுந்திருக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. வாய் கோணியதால் வார்த்தை கொஞ்சம் குழறும், ஆனாலும் மண்டபம் முழுக்கக் கேட்டது. கைக்குட்டை மடியில் கிடந்தது. சிரித்தவர்களில் ஒருவர் அவள் கடையில் வருசக்கணக்கில் தோசை தின்றவர். அவர் தலை குனிந்துகொண்டார். மேடையில் இருந்தவர் இறங்கி வந்து, அவளுடைய நம்பரை எழுதிக்கொண்டு, பார்த்துச் செய்வதாகச் சொன்னார்.

செய்தார்கள். பொய் சொல்லக்கூடாது. புது ஐ.சி. படம், டாக்டர் கடிதம், நகரத்துக்கு அலைச்சல் எல்லாம் முடிந்து, ஒரு அதிகாரி அக்காவை நேரில் பார்த்துவிட்டுத் தானே ஒரு பொத்தானை அழுத்தினார். டீ ஆற்றுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. என் அக்கா மறுபடியும் என் அக்காவாகிவிட்டாள். வீட்டுக்காரர் நிம்மதியாக, “பாத்தியா, வழி இருக்கு” என்றார். மனுசக் கண்ணால் அவ்வளவு சீக்கிரம் முடிகிற காரியத்துக்கு அவளை ஏன் அத்தனை பேர் முன்னால் நிற்கவைத்து வாயைத் தூக்கிப் பிடிக்க வைத்தீர்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. அந்த அதிகாரி நல்ல மனிதர். அதனால் அவரிடம் கேட்கவில்லை.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. போன வாரம் அவள் பழைய போன் கெட்டுப்போய்ப் புதுசு வாங்கினாள். அடையாளத்தைப் புதுப் போனுக்கு மாற்ற மீண்டும் முகத்தைக் காட்டச் சொல்கிறது. கண்ணைச் சிமிட்டு, சிரி என்கிறது. அவள் போனைத் துணி அலமாரிக்குள் வைத்துவிட்டாள். தேதி எடுக்கக் காலையில் பஸ் ஏறி நேரில் போகிறாள். கிளினிக்கில் ஒரு நர்ஸ் அவள் முகம் பார்த்துத் தேதி போட்டுக் கொடுக்கிறாள். அந்த நர்ஸ் மாற்றலாகிப் போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

மறுபடி அந்த அதிகாரியைப் பார்க்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். போகலாம்தான். ஆனால் அக்கா வர மாட்டேன் என்றுவிட்டாள்.