பிரகதீஸ்வரி இறக்கிய கண்ணாடிக் கதவு

திருவரங்குளம் பக்கத்துத் தனியார் கல்லூரியில், கெமிஸ்ட்ரி லேப் உதவியாளராகப் பிரகதீஸ்வரிக்குப் பத்தொன்பது வருஷம். குடுவை கழுவுவதும் பாட்டில் அடுக்குவதும் அவள் வேலை. யாரும் அவளிடம் யோசனை கேட்டதில்லை.

இந்த ஜூனில், லேபுக்கு வெந்நீர் தரும் டீசல் பாய்லரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கரண்டுக்கு மாற்ற நிர்வாகம் முடிவு செய்தது. அளந்து பார்க்க வந்த எஞ்சினியர் குமரப்பன் உதட்டைப் பிதுக்கினார்.

"இருக்கிற டிரான்ஸ்பார்மர் தாங்காதுங்க. பெருசா வைக்கணும். பின்னாடி இருக்கிற ஸ்டோர் ரூமை இடிச்சாத்தான் இடம் கெடைக்கும்."

அந்த ரூமில்தான் வேலைக்காரப் பெண்கள் மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறப்பார்கள். பிரகதீஸ்வரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், இந்த லேப் வாசக் கதவை இழுத்துப் பாருங்க."

அவர் ஒரு கையால் இழுத்தார். வரவில்லை. இரண்டு கையும் போட்டதும்தான் திறந்தது.

"எப்பவுமே இப்படித்தாங்க. அந்த எட்டுப் புகைக்கூண்டும் காத்தை உறிஞ்சுது" என்று, ஆசிட் புகையை வெளியே தள்ளும் கண்ணாடிப் பெட்டிகளைக் காட்டினாள். "ஏசிக் குளிர்ச்சி அம்புட்டும் மொட்டைமாடிக்குப் போயிருது. அதனால ஏசி ஓயாம ஓடிக் கரண்டைத் தின்னுது. அதுல அஞ்சுல யாரும் வேலையே பாக்குறதில்ல. பாட்டில்தான் நிக்கிது."

குமரப்பன் நோட்டை மூடிவிட்டு அவளைப் பார்த்தார். "இதை மொதல்லயே சொல்லக்கூடாதாம்மா?"

"கேக்கலையே சார்."

பாட்டில்கள் காற்றோட்டமுள்ள அலமாரிக்குப் போயின. ஐந்து கூண்டுகளை நிறுத்தினார்கள். மீதி மூன்றில் கண்ணாடிக் கதவை இறக்கினால் விசிறியின் வேகமும் குறையும்படி குமரப்பன் ஏற்பாடு செய்தார். பேராசிரியை வித்யாவுக்குப் பயம். "புகை மூஞ்சில அடிச்சா என்ன பண்றது?"

பிரகதீஸ்வரி ஒரு கூண்டின் கண்ணாடிக் கதவை இறக்கி, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அதன் கீழ் இடுக்கில் பிடித்தாள். புகை ஒரு இழைகூட வெளியே வராமல் உள்ளே வளைந்து ஓடியது. வித்யா சிரித்துவிட்டார். குமரப்பன் கருவி வைத்தும் சரிபார்த்தார்.

அதன்பின் ஜன்னல் இடுக்குகளை ரப்பர் பட்டை வைத்து அடைத்தார்கள். ஒரு மாசம் கழித்து குமரப்பன் மறுபடி அளந்தார்.

"பழைய டிரான்ஸ்பார்மரே போதும். எதையும் இடிக்க வேணாம்."

ஆகஸ்டில் கிரேன் வந்து பாய்லரைத் தூக்கிப் போனது. கல்லூரியே கூடி வேடிக்கை பார்த்தது. கரண்டில் காய்ச்சிய முதல் வெந்நீரில் பிரகதீஸ்வரி குடுவை கழுவிக்கொண்டிருந்தபோது குமரப்பன் வந்தார்.

"திங்கக்கிழமை பயாலஜி பில்டிங் பாக்கப் போறேன். நீங்களும் கூட வாங்க."

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். முகம் மலர்ந்திருந்தது.

"வாரேன் சார். அங்கிட்டு ஃப்ரிட்ஜு கதவு ரெண்டு சரியா மூடாது. மொதல்ல அதைப் பாப்போம்."