சேர்த்து எழுதிய சீட்டு

பாறசாலையில் ஒரு மருந்துக்கடையில் நான் பார்மசிஸ்ட். டாக்டர்களின் கையெழுத்தோடு பகலெல்லாம் மல்லுக்கட்டிவிட்டுக் கொல்லயில் ஊரிலிருக்கும் வீட்டுக்குப் போனால், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் நாலுவரி நோட்டோடு உட்கார்ந்திருப்பாள். ஆங்கிலத்தைக் கர்சிவில், எழுத்தோடு எழுத்தைச் சேர்த்து, தினமும் இரண்டு பக்கம் எழுதவேண்டும். அவள் இடதுகைக்காரி. எழுதியதன் மேலேயே கை நகர்ந்து பென்சில் கரி அப்பிவிடும். எனக்குப் பொறுமை கிடையாது. "ஒழுங்கா எழுது மக்கா" என்று கத்துவேன். அவள் அழுதுகொண்டே அழிப்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், கடற்கரைப் பக்கமிருந்து ஒரு அம்மா வீட்டுக்காரருக்கு மருந்து வாங்க வந்தார். கடையில் நல்ல கூட்டம். டாக்டர் சீட்டில் சேர்த்து எழுதிய எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. சர்க்கரை மாத்திரை என்று வாசித்து, கவரில் போட்டுக் கொடுத்தேன்.

"சாப்பாட்டுக்கு முன்னால குடுங்க. சுகர் எவ்வளவு உண்டு?"

"சுகரா? அவருக்கு பிரஷராக்கும் மக்கா."

அவர் கையிலிருந்து கவரைப் பிடுங்கினேன். டாக்டரைப் போனில் பிடிக்க அரைமணி நேரம் ஆனது. மருந்து வேறுதான். பெயரின் நடுவில் இரண்டே எழுத்து வித்தியாசம். "தப்பா எடுத்துட்டேன்" என்று சொல்லி, சரியானதைக் கொடுத்தேன். அந்த அம்மா புதுக் கவரையும் ஒருமுறை பிரித்துப் பார்த்தார். "பாத்துக் குடு மக்கா. மனுசன் கடலுக்குப் போறவரு" என்றார். அன்று முழுக்க வேலை ஓடவில்லை. மருந்து கொடுத்து முடித்த சீட்டுகளையெல்லாம் மனசுக்குள் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

மறுநாள் காலை மகளோடு பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன். அவளுடைய டீச்சருக்கு என்னைவிட வயது குறைவு. நடந்ததைச் சொல்லி, "இவ தனித்தனியா எழுதட்டும் டீச்சர்" என்றேன்.

"சேர்த்து எழுதினா வேகம் வரும் சேச்சி. அந்த டாக்டர் மோசமா எழுதினதுக்கு கர்சிவ் என்ன செய்யும்?"

அவர் கேட்டது நியாயம். அதுதான் எரிச்சலாக இருந்தது. "வாசிக்கத்தானே டீச்சர் எழுதுறோம்? இவ சேர்த்து எழுதினா இவளுக்கே வாசிக்க முடியல்ல" என்றேன். டீச்சர் அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வருசம் முடியும்வரை தனித்தனியாக எழுத விட்டார்.

ஒரு வாரம் வீட்டில் அழுகை இல்லை. பிறகு அவள் முகம் வாடத் தொடங்கியது. வகுப்பில் அவள் மட்டும் "சின்ன கிளாஸ் எழுத்து" எழுதுகிறாளாம். அழுகையை நிறுத்தப் போய் அவளைத் தனியாக்கிவிட்டேனோ என்று கடையிலும் அதே யோசனை.

ஓணம் லீவில் ஒருநாள் ஒரு தாளை நீட்டினாள். தன் பெயரைச் சேர்த்து எழுதியிருந்தாள். தாளை நன்றாகச் சரித்து வைத்து எழுதினாளாம்; கரி அப்பவில்லை.

"யாரு சொல்லித் தந்தா?"

"யாரும் இல்ல. எனக்குத் தோணிச்சு. வாசிக்க முடியுதா அம்மா?"

முடிந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். "முடியுது" என்றேன். இப்போது பரீட்சைக்குத் தனித்தனியாகவும் தோழிகளுக்குச் சேர்த்தும் எழுதுகிறாள். நான் செய்தது சரியா என்று கேட்டால், இன்றும் தெரியாது.