வசியம் கற்ற மெத்தைக்காரன்

மெத்தைக் கடையில் அவனை எல்லோரும் வசியம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோனது. அந்தப் பட்டம் வந்த கதை இது. அந்தப் பட்டத்தை வாங்கித்தந்த வித்தையால் அவன் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போன கதையும் இதுதான்.

வசியம் கெட்டவன் இல்லை. கடையின் மாடியில், பிளாஸ்டிக் உறை கழற்றாத மெத்தைகளுக்கு நடுவே பல வருஷம் நின்று விற்றவன். ஸ்பிரிங் எது, ஃபோம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு முழங்கையால் அழுத்திச் சொல்வான். குறை ஒன்றுதான், வாய் ஓயாது. வாங்க வந்தவர் "முதுகு..." என்று ஆரம்பிப்பதற்குள் இவன் தள்ளுபடிக்குப் போய்விடுவான். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு தலை முழுகிவிட்டு, சொந்தக் கையால் தொழில் நடத்தி, நாலு பேருக்கு வேலை கொடுத்து உயர்ந்த நம்மைப் போன்றவர்கள் பக்கத்தில் இருந்திருந்தால், "வாயை மூடுடா, அந்த ஆள் பேசட்டும்" என்று ஓசியிலேயே சொல்லியிருப்போம். ஓசியில் கிடைப்பதை யார் மதிக்கிறார்கள்? அவன் ஒரு ஹோட்டலின் குளுகுளு அறைக்குப் போய், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு கற்றான்.

அந்த வகுப்பின் பெயர் நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங். அது வாயில் நுழைவதற்கே தனியாக ஒரு வகுப்பு வேண்டும். சுருக்கமாக என்.எல்.பி. என்பார்கள். பேச்சையும் நடவடிக்கையையும் வைத்து எதிராளியின் மனத்தோடு ஒட்டிப் பழகுவது, அதற்கு ஏற்றபடி தன் மனத்தையும் சரிசெய்துகொள்வது. இவ்வளவுதான் சரக்கு. சொல்லிக்கொடுத்த அம்மாள் லேசுப்பட்டவர் அல்ல. காலையில் வந்ததும் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார்.

"உத்தியெல்லாம் மத்தியானம் சொல்றேன். அதுக்கு முன்னாடி மனசு வேணும். எதிர்ல இருக்கிறவங்க எதை எப்படிப் பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சுக்க நிஜமான ஆசை வேணும். நாம நினைச்சது தப்பா இருக்கலாம்னு ஒத்துக்கணும். ஒண்ணு பலிக்கலைன்னா அவங்களைக் குத்தம் சொல்லாம நாம மாறிக்கணும். இது இல்லாம உத்திய மட்டும் எடுத்துட்டுப் போனா வெறும் குரங்குச் சேட்டைதான்."

அந்த நேரத்தில் வசியம் எங்கே இருந்தான்? வாசலில் பேனர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். உள்ளே வந்து, "என்ன சார் சொன்னாங்க?" என்று பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டான். "சும்மா முன்னுரை" என்றார் அந்தப் புண்ணியவான். தீர்ந்தது கதை.

மத்தியானம் கொடுத்ததை மட்டும் ஒன்று விடாமல் விழுங்கினான். எதிராளி உட்காருவதுபோல் உட்கார வேண்டும், அவர் மூச்சோடு மூச்சு விட வேண்டும், அவருடைய கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வேண்டும், கண் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனிக்க வேண்டும். ஒருவர் சிரிக்கிற சமயம் பார்த்து முழங்கையைத் தொட்டுப் பழக்கினால், பிறகு எப்போது தொட்டாலும் அந்தச் சிரிப்பு திரும்பி வருமாம். வீடு திரும்பும்போது வசியத்துக்கு உலகமே டிவியாகவும் தன் கை ரிமோட்டாகவும் தெரிந்தது.

மறுநாளே கடையில் அரங்கேற்றம். புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு ஜோடி வந்தது. மெத்தை எப்படி இருக்கிறதென்று பார்க்கப் புருஷன் படுத்தார். வசியம் சும்மா நிற்பானா? பக்கத்து மெத்தையில் தானும் படுத்தான். அவர் கையை வயிற்றில் வைத்தார், இவனும் வைத்தான். அவர் மூச்சு மெதுவானது. இவன் மூச்சும் மெதுவானது. அவர் தூங்கிப்போனார்.

இவனும் தூங்கிப்போனான்.

அந்த அம்மாள் புருஷனைத் தட்டி எழுப்பினார். எழுந்தவர் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த விற்பனையாளனைப் பார்த்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இருவரும் சத்தமில்லாமல் படியிறங்கினார்கள். மேலே வந்த முதலாளி கட்டிலை ஓர் உதை விட்டார்.

"ஏன்யா, விக்க வந்தியா, தூங்க வந்தியா?"

"தூங்க வந்தியா..." என்று பழக்க தோஷத்தில் திருப்பிச் சொன்னான்.

"யாரைப் பார்த்துடா கேக்கிற?"

சக ஊழியர்கள் அன்றைக்கு வைத்த பட்டம்தான் வசியம். நியாயமாக அங்கேயே அவனுக்கு ரோசம் வந்திருக்க வேண்டும். அவனோ, "அந்த ஆளுக்கு ஒத்துழைக்கிற புத்தி இல்ல" என்று வாடிக்கையாளர் தலையில் பழியைப் போட்டுவிட்டு, பயிற்சியை வீட்டுக்கு எடுத்துப்போனான்.

"அப்பப்பா, என்ன வெயில்" என்றாள் மனைவி.

"என்ன வெயில்."

"தலை வலிக்குது."

"வலிக்குது."

"ஏங்க, நான் என்ன கிணத்துக்குள்ளயா பேசிட்டிருக்கேன்?"

"கிணத்துக்குள்ள..."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வசியம் பாய்ந்து முழங்கையைத் தொட்டான். அதற்குப் பிறகு அந்த முழங்கை பட்ட பாடு சொல்லி முடியாது. பால் பொங்கும்போது தொட்டான், துணி காயப்போடும்போது தொட்டான். "அங்க என்ன கொசுவா உக்காந்திருக்கு?" என்று கேட்டுப் பார்த்தாள். அவள் முறைப்பு நாளுக்கு நாள் கூடியதுதான் மிச்சம்.

ஒரு சாயங்காலம் அவளே டிவியை அணைத்தாள். சமையலறை மேசையில் அவனை எதிரே உட்காரவைத்து நெடுநேரம் பேசினாள். இப்படி ஒரு வாய்ப்பு எப்போது கிடைக்கும் என்று வசியம் உள்ளுக்குள் துள்ளினான். அவள் கன்னத்தில் கை வைத்தால் இவனும் வைத்தான். மூச்சைப் பிடித்தான், கண்ணைக் கவனித்தான், குரல் ஏறுவதையும் இறங்குவதையும் குறித்துக்கொண்டான். அவள் பேசி முடித்து, பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்தாள். வசியம் புன்னகையோடு முழங்கையைத் தொட்டான்.

மறுநாள் காலையில் அவள் இல்லை. "அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அவள் இல்லாத வீட்டில் அவன் திருப்பிச் சொல்வதற்குக்கூட ஒரு வார்த்தை இல்லை. பயந்துபோனான். அதுவரை அவள் கோபித்தது உண்டு, பெட்டி எடுத்தது இல்லை. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்குக் கிளம்பினான். எதை நம்பிக் கிளம்பினான்? அதே வித்தையை நம்பித்தான்! முதலில் மச்சானை மடக்கினால் தங்கை தானாக வருவாள் என்று கணக்கு.

மச்சான் குழாய் வேலைக்காரர். இவன் போன நேரத்தில் சொந்த வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒழுகுகிற குழாய்க்கு வெள்ளை டேப் சுற்றிக்கொண்டிருந்தார். வசியம் பக்கத்திலேயே குத்தவைத்தான். அவர் கழுத்தைச் சொறிந்தார், இவனும் சொறிந்தான்.

"என்ன மாப்ள, உங்களுக்கும் அரிக்குதா? பைப்புல சுத்தியிருந்த பஞ்சு உடம்புக்கு ஆகல போலிருக்கு. தள்ளி உக்காருங்க."

"தள்ளி உக்காரணும்."

மச்சான் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "மாப்ள, வந்த விஷயத்தைப் பேசுவோம். கிளம்புறதுக்கு முந்தின நாள் என் தங்கச்சி உங்ககிட்ட ஒண்ணு சொன்னாளாமே. என்ன சொன்னா?"

வசியத்துக்கு உற்சாகம் பொங்கியது. இதுதான் அவன் நன்றாகப் படித்திருந்த பாடம். "மச்சான், அப்படியே சொல்றேன். முதல்ல கண்ணு மேல இடது பக்கம் போச்சு. மூச்சு நெஞ்சுக்கு மேலயே நின்னுச்சு. நடுவுல குரல் சன்னமாச்சு. வலது கையால மேசையைத் தேய்ச்சா."

"அது சரி. என்ன சொன்னா?"

வசியம் வாயைத் திறந்தான். மனத்துக்குள் துழாவிப் பார்த்தான். கண் இருந்தது, மூச்சு இருந்தது, கை இருந்தது. சேதி மட்டும் இல்லை. குழாய் சொட்டுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. நிலைப்படியில் மனைவி வந்து நின்றதை அப்போதுதான் பார்த்தான்.

கடையில் ஒருநாளும் வாயில் வராத வார்த்தை அப்போது வந்தது. "தெரியல."

"தெரியாதா?" என்றாள் அவள்.

"தெரியலம்மா. நான் உன்னையேதான் பார்த்துட்டிருந்தேன். நீ சொன்னது காதுல ஏறல. என்ன சொன்ன?"

பின்னால் நின்ற அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்துல மேற்பார்வைக்குக் கூப்பிட்டிருக்காங்கன்னு சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னாடி பார்த்த வேலை, இப்பப் பெரிய பொறுப்பு. எனக்குப் போகணும்னு ஆசையா இருக்குன்னு சொன்னேன்."

"போகணும்னு ஆசையா..." நாக்கு தானாக ஓடியது. மச்சான் ஸ்பேனரை மறுபடி கையில் எடுத்தார். வசியம் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். பிறகு அந்த ஹோட்டல் அறையில் யாரும் சொல்லித்தராத கேள்வி ஒன்றைக் கேட்டான்.

"அது ஊர்க் கோடியில ஆச்சே. வேலை முடிஞ்சு எப்படி வருவ? அங்க பஸ் இருக்கா?"

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். "அந்த நேரத்துக்குக் கிடையாது. வண்டியில வந்து கூட்டிட்டுப் போவீங்களான்னு அன்னைக்கே கேட்டேன்."

"அதுக்கு நான் என்ன சொன்னேன்?"

"முழங்கையத் தொட்டீங்க."

மச்சான் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்தால் வேலை செய்வதாகத் தெரியவில்லை.

"எந்த கேட்ல நிக்கணும்?" என்றான் வசியம்.

"பின் கேட். ஆனா இங்கதான் கொண்டுவந்து விடணும். நம்ம வீட்டுக்கு வர்றதைப் பத்தி அப்புறம் பார்க்கலாம்."

பேரம் பேசியே பிழைத்தவன், அன்றைக்குப் பேரம் பேசவில்லை. முதலாளியிடம் கெஞ்சி முன்கூட்டியே கிளம்ப அனுமதி வாங்கினான். அவள் வேலையில் சேர்ந்ததும், தினமும் விளக்குப் போடுகிற நேரத்துக்கெல்லாம் பின் கேட்டில் ஸ்கூட்டரோடு காத்திருந்தான். அவள் பின்னால் ஏறிக்கொள்வாள். முன்னால் பார்த்து ஓட்டுகிறவனுக்கு அவள் கண்ணைக் கவனிக்க வழியில்லை, மூச்சைப் பிடிக்க வழியில்லை. கைப்பிடியை விட்டு முழங்கையைத் தேடினால் இரண்டு பேரும் அதே ஆஸ்பத்திரியில்தான் படுக்க வேண்டும். காதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டான். சொந்தமாக முன்னுக்கு வந்த எவனும் முதல் நாளே செய்திருப்பதை, இந்த மகானைச் செய்யவைக்க ஒரு ஸ்கூட்டர் வேண்டியிருந்தது.

"இன்னைக்கு உலர்த்துற மெஷின் நின்னுபோச்சு" என்றாள் ஒருநாள்.

நாக்கின் நுனிவரை வந்த எதிரொலியை விழுங்கினான். "அப்புறம் ஈரத்துணியை எல்லாம் என்ன பண்ணின?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். மாடியில் கயிறு கட்டியது, காற்றில் போர்வை பறந்து டாக்டர் மேல் விழுந்தது என்று நீண்டுகொண்டே போனது. நாற்சந்தி வந்தது. வண்டியை மெதுவாக்கினான்.

"எந்தப் பக்கம் திரும்பட்டும்? உங்க அண்ணன் வீடா, நம்ம வீடா?"

"முதல்ல ரெண்டு சுத்து சுத்துங்க" என்றாள். "நான் இன்னும் சொல்லி முடிக்கல."