சண்டைக்காரரோடு ஒரு குறுவை

எங்கள் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் எந்த ஆய்வையும் ஒருவர் தனியாகச் செய்யக் கூடாது என்று விதி. வேறொரு துறையிலிருந்து ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் பூச்சித் துறை. கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு யோசிக்காத நான், கூட்டாளி விஷயத்தில் ஒரு வாரம் யோசித்து, மண் துறைக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். அவரைப் போல இனிமையான மனிதரைப் பார்க்க முடியாது. நான் எதைச் சொன்னாலும், "அதேதான் மேடம், நானும் அதைத்தான் நினைச்சேன்" என்பார்.

அந்தப் போகத்தில் எங்கள் பயிர் மஞ்சளடித்தது.

"தத்துப்பூச்சி வேலை சார் இது" என்றேன்.

"அதேதான் மேடம்."

மருந்தடித்தோம். இன்னும் மஞ்சளானது. மறுபடி அடித்தோம். கடைசியில் இயக்குநரே வயலுக்கு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"மண்ணுல துத்தநாகச் சத்து இல்லாமப் பயிர் தவிக்குது. நீங்க பூச்சிக்கு மருந்தடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. மண் துறைக்காரர் எங்கம்மா?"

மண் துறைக்காரர் அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். "அதேதான் சார், நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார்.

அடுத்த குறுவைக்கு நான் உழவியல் துறைக்காரரிடம் போனேன். அவர் கேன்டீனுக்குள் நுழைந்தால் மற்றவர்கள் டீயை அவசரமாகக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். யார் எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேட்பது அவர் வழக்கம். மழை வரும் போலிருக்கிறது என்று சொன்ன வாட்ச்மேனையும் விட்டதில்லை. அவர் குடும்பம் கடலோர ஊரொன்றில் தலைமுறை தலைமுறையாக மளிகைக் கடை நடத்தி வந்தது. எடை, அளவு எதையும் பிறர் சொல்லி ஏற்றுக்கொள்ள மாட்டார்.

"சார், நாம சேர்ந்து ஒரு ஆய்வு பண்ணலாமா?"

"ஏன், மண் துறைக்காரர் என்ன ஆனார்?"

"அவர் ரொம்ப நல்லவர் சார்."

புரிந்துகொண்டவர் போலத் தலையாட்டினார். "ஆனா ஒண்ணு மேடம். நீங்க சொல்றதை நான் நம்ப மாட்டேன். நான் சொல்றதை நீங்களும் நம்பக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். நாங்கள் வாதமில்லாமல் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

யூரியாவைக் கூட்டினால் குருத்துப்பூச்சி பெருகி மகசூல் விழும் என்பது என் கட்சி. பூச்சி வந்தாலும் மகசூல் ஏறும் என்பது அவர் கட்சி. குத்தாலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு மிராசுதாரின் வயலைப் பிடித்தோம். மிராசுதார் சம்மதம் சொல்லிவிட்டு, ஊரில் ஒருவரிடமும் மூச்சுவிடாமல் பட்டணம் போய்விட்டார். நில உச்சவரம்பு, குத்தகைத் தாவா, கூலித் தகராறு என்று டெல்டா கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. அப்போது நாங்கள் சர்க்கார் ஜீப்பில், டேப்பும் கயிறும் முளைக்குச்சிகளுமாகப் போய் இறங்கினோம்.

இரண்டு குச்சிதான் அடித்திருப்போம். செங்கொடியோடு ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். "குத்தகைக்காரங்களை வெளியேத்தவா அளக்குறீங்க?" என்றார் விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர். எதிர்ப்பக்கத்திலிருந்து மிராசுதாரின் காரியஸ்தர் துண்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "யாரைக் கேட்டு அளக்குறீங்க? இதெல்லாம் தோப்பு! தோப்பு உச்சவரம்புல வராது!" என்று கத்தினார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை நடவு வயல். ஒரு மரம் இல்லை.

நான் குருத்துப்பூச்சியைப் பற்றி விளக்கினேன். இரண்டு தரப்பும் நம்பவில்லை. கூட்டாளியோ கூட்டத்தையே கவனிக்காமல் ஒரு குச்சியை முறைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இது தப்பு. யூரியா அதிகம் போடுற பாத்தி வாய்க்கால் ஓரத்துல வரக் கூடாது. உரம் தண்ணியோட போயிடும்."

"சீட்டுக் குலுக்குனதுல அங்கதான் சார் விழுந்துது. மாத்தக் கூடாது."

"சரியாத்தான் குலுக்குனீங்கன்னு எப்படித் தெரியும்?"

எனக்குப் பொங்கிவிட்டது. முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, மொத்த ஊரும் பார்க்க, நாங்கள் இருவரும் கத்திக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் எங்கள் சத்தம் மட்டும்தான் கேட்டது.

சங்கத் தலைவர் கையை உயர்த்தினார். "விடுங்கப்பா. இவங்க அளக்க வந்த ஆபீசருங்க இல்ல. அப்படி வர்றவங்க முன்னாடியே பேசி வச்சுக்கிட்டுல்ல வருவாங்க!"

"அதுவும் சரிதான்" என்றார் காரியஸ்தர், தன்னை மறந்து. போன அறுவடையிலிருந்து அவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம்.

இருவரும் ஒரே வரப்பில் உட்கார்ந்து எங்கள் வழக்கை விசாரித்தார்கள். தலைவர் என் கூட்டாளி பக்கம். காரியஸ்தர் என் பக்கம். என் அப்பா பண்ணையாளாக இருந்தவர். ஒரு காரியஸ்தர் எனக்காகத் தொண்டை கிழிய வாதாடுவதைப் பார்த்திருந்தால் வரப்பிலேயே மயங்கி விழுந்திருப்பார். மறுபடி சீட்டுப் போடுவது என்று தீர்ப்பானது. தலைவர் துண்டில் போட்டுக் குலுக்க, காரியஸ்தர் எடுத்தார். அந்தப் பாத்தி திரும்பவும் வாய்க்கால் ஓரத்திலேயே விழுந்தது. கூட்டாளி குனிந்து அங்கேயே குச்சியை அடித்தார்.

அறுவடை நேரத்தில் கூலித் தகராறு முற்றி ஊரே வேலைநிறுத்தம். எங்கள் பாத்திகளை மட்டும் சங்கத்து ஆட்களே அறுத்துக் கொடுத்தார்கள்.

"உங்க ரெண்டு பேருல யார் சொன்னது சரின்னு எங்களுக்குத் தெரிஞ்சாகணும்மா" என்றார் தலைவர்.

பண்ணைத் தராசைச் சங்கம் ஏற்கவில்லை. நிலையத்துத் தராசைக் கூட்டாளி ஏற்கவில்லை. அவர் வீட்டுக் கடைத் தராசு பஸ் ஏறி வந்தது. எடை போட்டு, போகம் முழுக்க எடுத்திருந்த பூச்சிக் கணக்கோடு ஒப்பிட்டோம். யூரியா கூடக்கூடப் பூச்சி கூடியிருந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். ஆனால் குறைவாகப் போட்ட பாத்தியைவிட அதிகம் போட்டதில்தான் மகசூல் கூடுதல்; அவர் நிமிர்த்தினார். எல்லாவற்றையும்விட அதிகம் விளைந்தது, நாங்கள் இருவருமே பொருட்படுத்தாத நடுத்தர அளவு போட்ட பாத்தி.

"அப்ப யாரும்மா ஜெயிச்சது?"

"யாரும் இல்லைங்க."

"இதுக்கா ஒரு போகம் பூரா சண்டை போட்டீங்க?" என்று காரியஸ்தர் தலையில் அடித்துக்கொண்டார். ஊரின் கூலித் தகராறு பிறகு தாசில்தார் முன்னிலையில் தீர்ந்தது. அதில் எங்களுக்குப் பங்கில்லை.

கட்டுரை எழுத உட்கார்ந்தபோது, பூச்சி 'கூடியது' என்பதா, 'கூடியதாகத் தெரிகிறது' என்பதா என்று நாள்கணக்கில் சண்டை. டைப்பிஸ்ட் எங்களால் லீவு போட்டார். ஆனால் அச்சான கட்டுரையில் ஒரு வரியைக்கூட எவராலும் அசைக்க முடியவில்லை. கேட்கக்கூடிய கேள்வியையெல்லாம் என் கூட்டாளி ஏற்கெனவே என்னைக் கேட்டுத் தொலைத்திருந்தார்.

அடுத்த போகத்துக்கு, வரப்பில் வளை தோண்டும் எலிகளைப் பற்றி ஆராயலாம் என்றேன்.

"எலியா? அது நண்டு வேலை மேடம்."

ஜீப் ஏறினோம்.