அழுத்திப் பார்க்காத தந்தி

என் இடது கையைக் கெடுத்தது நீங்கள்தான். வேறு யாரும் இல்லை.

எழுபதுகளில் கோயம்புத்தூரை அடுத்த சித்தூர்ப் பக்கம் கோயில் நோம்பி, திருவிழா என்றால் உங்கள் மெல்லிசைக் குழுதான். நீங்கள் பாடுவீர்கள், ஆர்மோனியம் வாசிப்பீர்கள், எல்லோரையும் அதட்டுவீர்கள். பெருமாட்டியில் தோப்பு வேலை பார்த்துக்கொண்டு கிட்டார் பழகியிருந்த என்னை, அடித்தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிட்டார் வாசிக்கச் சேர்த்தீர்கள். கருவி குழுவுடையது. தேர்ந்தெடுப்பது நீங்கள், வாசிப்பது நான். அதுதான் ஏற்பாடு.

கோயம்புத்தூர்க் கடையில் இரண்டு பேஸ் கிட்டார்கள் இருந்தன. ஒன்று கனமானது, கழுத்து தடித்தது. தந்திகள் கழுத்தைவிட்டு எட்டத் தூக்கி நின்றன. இன்னொன்று மெலிந்த கழுத்து. தொட்டாலே தந்தி படிந்தது. ஆனால் ஓசை கொஞ்சம் ஒல்லி. நீங்கள் பெரியதை ஒலிப்பெட்டியில் இணைத்து, அதன் தடித்த தந்தியைக் கட்டை விரலால் ஒரு தட்டு தட்டினீர்கள். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

"கேட்டயாடா? ஆனை பிளிறுனாப்பல!"

"இடது கையில அமுக்கிப் பாக்கோணுங்ண்ணா. தந்தி ரொம்ப மேல நிக்குதுங்."

"அமுக்கறது உன்ர வேலை. ஓசை என்ர வேலை."

கடைக்காரர் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள்.

அழுத்தாமல் விட்ட தந்தி எந்தக் கிட்டாரிலும் நன்றாகத்தான் பேசும். பாட்டு முழுக்க அப்படியா வாசிக்க முடியும்? ஒவ்வொரு சுரத்துக்கும் விரல் இறங்க வேண்டும். அந்தத் தந்தியை இறக்க எனக்குத் தோள்வரை பலம் வேண்டியிருந்தது. அப்படி அழுத்தினால் தந்தி இழுபட்டுச் சுருதி கூடியது. அதற்கும் என்னைத்தான் திட்டினீர்கள்.

ஒருநாள் மதியம் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜின் திருகுகளை நானே இறக்கினேன். அதிகம் இறக்கியதும் தந்தி கரகரத்தது. மெல்ல மெல்ல ஏற்றி, கரகரப்பு நின்ற இடத்தில் விட்டேன். ஓசையில் சிறிது கனம் குறைந்தது, கை பிழைத்தது. அங்கேதான் அது இருந்திருக்க வேண்டும். அன்று ஒத்திகையில் நீங்கள் திருப்புளி வாங்கி, எல்லோர் முன்னாலும் பழையபடி ஏற்றினீர்கள்.

"ஆனையப் பூனையாக்கிப் போட்டயேடா! விரல் நோவுதுன்னா போயிப் புல்லாங்குழல் ஊது."

தபலாக்காரர் முதற்கொண்டு அத்தனை பேரும் சிரித்தார்கள்.

பிறகு குமுளியில் ஒரு திருவிழா. கம்பத்திலிருந்து பஸ்ஸில் அந்தக் கனத்தை மடியில் வைத்துக்கொண்டு மலையேறினேன். கச்சேரி முடிந்து டீக்கடையில் நின்றபோது எஸ்டேட் தொழிலாளி ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏண்ணே, எல்லாரும் வாசிச்சாக. நீங்க மட்டும் அதக் கட்டிப்பிடிச்சிக்கிட்டுச் சும்மா நின்னீக?"

"வாசிச்சேனுங்க."

"அப்படியா? ஒண்ணுமே கேக்கலையே!"

அவர் கேலி செய்யவில்லை. மூங்கில் கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகள் பாடகர் குரலை எதிர் மலைவரை கொண்டு போகும். பேஸ் ஓசை அவற்றில் ஏறவே ஏறாது. சித்தூரிலிருந்து மலைமேல் இருக்கும் ஏலப்பாறைவரை எல்லா மேடையிலும் அதே குழாய்கள்தான். என் கிட்டாரின் ஒலிப்பெட்டி இருந்தது உங்கள் நாற்காலிக்குப் பின்னால். அந்த யானையை இத்தனை காலம் கேட்டது நீங்கள் ஒருவர் மட்டும். உங்கள் இரண்டு காதுக்காக என் கை போனது.

ஏலப்பாறைக் குளிரில், ஒரு பாட்டின் நடுவில், மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கி அப்படியே நின்றுவிட்டன. நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. மைக்கைப் பிடித்து, "பேஸ் வாசிக்கிற தம்பிக்குப் பயிற்சி பத்தல, மன்னிச்சுக்கோங்க" என்றீர்கள். அது மட்டும் குழாயில் தெளிவாகக் கேட்டது.

விரல்கள் இனி நிமிராது என்று வைத்தியர் கைவிட்டார். அடுத்த நோம்பிக்கு எங்கள் ஊர்க் கோயிலிலேயே புதிய ஆளைக் கொண்டுவந்தீர்கள். கூட்டத்தில் நின்று பார்த்தேன். அவன் தோளில் தொங்கியது கடையில் நீங்கள் வேண்டாம் என்ற அதே மெலிந்த கழுத்துக் கிட்டார். அவனும் வாசித்தான். அதுவும் குழாயில் கேட்கவில்லை.

இப்போது இந்தக் கையால் தோப்பில் மண்வெட்டி பிடிக்க முடியாது. சட்டைப் பொத்தானை வலது கைதான் போடுகிறது. ஊரில் எனக்கு இன்றும் 'பயிற்சி பத்தாத ஆளு' என்றுதான் பெயர். விரல் திரும்ப வராது. நீங்கள் வருந்துவீர்கள் என்றும் நான் நம்பவில்லை.

ஆனால் மைக் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. எனக்குத் தரமாட்டேன் என்றதை அவனுக்கு ஏன் வாங்கிக் கொடுத்தீர்கள்? என் வீட்டுக்கு வந்து காதோடு சொல்ல வேண்டாம். என்னைப் பயிற்சி இல்லாதவன் என்று சொன்னது மேடையில். வருகிற நோம்பியில், அதே ஊர் கேட்க, அதே குழாயில் பதில் சொல்லுங்கள்.